வடசென்னையில் பன்னிரண்டு மாதமும் ஓட்ட ஒரே சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். ஒரு பக்கத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "என்ன சைக்கிள் வாங்கலாம்?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள், அப்புறம் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. வீட்டில் ஒரு சைக்கிளுக்குத்தான் இடம், கையில் ஒன்றுக்குத்தான் காசு, ஆனால் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

ஒரே சைக்கிள் வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?

தாங்கும். வாங்கும்போது ஏப்ரல் மாத ரோட்டை மனதில் வைத்து வாங்காமல், நவம்பர் மாத ரோட்டை மனதில் வைத்து வாங்க வேண்டும். சென்னைக்கு வருடத்தில் ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதத்தைத் தாக்குப்பிடிக்கும் வண்டிக்கு மற்ற ஒன்பது மாதமும் விளையாட்டு மாதிரி.

குளிர் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் மங்கி கேப் தேடுகிற ஆட்கள். கத்திரி வெயில் ஓட்டுகிறவருக்குத்தான் கஷ்டம், சைக்கிளுக்கு அவ்வளவு இல்லை. சைக்கிளைத் தின்பது உப்பு.

உப்பா? துரு பிடிப்பது மழையால்தானே?

மழையில் நனைந்த செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் பிழைத்துக்கொள்ளும். மாதவரத்திலோ பெரம்பூரிலோ அப்படித்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரப் பக்கம் வந்தால் கதையே வேறு. இங்கே மழை இல்லாத ராத்திரியிலும் செயின் நனைகிறது.

வீட்டு உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். மூடாமல் வைத்தால் காலையில் நீர் விட்டுக்கொண்டு நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துபோகும். அலை உடையும்போது கிளம்பும் பொடித்துளி காற்றில் வந்து சைக்கிள் மேல் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். நம் விடியற்காலைகளில் ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக, மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக நிறுத்திய சைக்கிளும் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேல் பாதுகாப்பாக இருக்கும் மெல்லிய படலத்தையும் துளைத்துவிடும். குரோம் பூச்சில் முதலில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் வருவது அதனால்தான். அந்தப் புள்ளிக்குக் கீழே துரு பரவி, ஒருநாள் பூச்சு செதில் செதிலாக உரியும்.

தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் அடைந்து இன்னும் சீக்கிரம் கெடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஈரத்துணியை நனைத்து, பிழிந்து துடைத்தாலே போதும். துடைப்பது அழுக்குக்காக இல்லை, உப்புக்காக.

அப்படியென்றால் அலுமினிய ஃப்ரேம் வாங்கினால் கவலை விட்டதா?

பாதிக் கவலை விடும். அலுமினியத்தில் செந்துரு வராது, வெள்ளையாகப் பொடி பூக்கும், அவ்வளவுதான். ஆனால் அலுமினிய ஃப்ரேமில் இருக்கும் போல்ட், போக்ஸ் கம்பி, செயின், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டு எல்லாம் இரும்புதானே? இரும்பு ஃப்ரேம் விரிசல் விட்டால் தண்டையார்பேட்டையில் எந்த வெல்டிங் கடையிலும் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியத்துக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டும் சேரும் இடத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது. என்னுடைய முதல் சைக்கிள் இரும்பு ஃப்ரேம், சீட் பைப் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் போனால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரித்த பொடி பருத்து இடுக்கை அடைத்துவிடும். ஒன்றரை வருடம் கழித்து சீட்டை ஏற்றப் பார்த்தேன், அசையவில்லை. மெக்கானிக் அண்ணன் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தார். மறுநாள் ஒருவர் ஃப்ரேமைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சீட்டை முறுக்கினார். கடைசியில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, "இன்னா சார், வண்டிய உப்புக்கண்டம் போட்டு வெச்சினுகிறியா?" என்றார். பைப்பை அறுத்து, உள்ளே மிச்சமிருந்ததை இடுக்கியால் துண்டு துண்டாக உரித்து எடுத்தார். ஆரம்பத்திலேயே ஒரு விரல் கிரீஸ் தடவியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

அதனால் ஃப்ரேம் எதுவானாலும் சரி என்பேன். புது சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் கடையிலேயே சீட் பைப், ஹேண்டில்பார் தண்டு, பெடல் மரை மூன்றுக்கும் கிரீஸ் போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் கம்பெனியிலேயே போட்டுத்தான் வரும்" என்பார்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தமே போதும். ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு ரிம், அந்த வண்டி வேண்டாம். இரும்பு ரிம் துருப்பிடிக்கும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், குரோம் பூசிய ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மழையில் பிரேக் பிடித்தும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும் அனுபவம் ராடு பிரேக் சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் உண்டு. அலுமினிய ரிம்மிலும் நனைந்தவுடன் பிடி குறையும், ஆனால் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றியதும் கட்டை தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிடிக்கும்.

போக்ஸ் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். காந்தம் அதில் பட்டும் படாமலும் இழுக்கும், சாதாரணக் கம்பியில் டப்பென்று ஒட்டும். கம்பியின் நுனியிலுள்ள நிப்பிள் பித்தளையாக இருந்தால் நல்லது. துருவில் இறுகிய நிப்பிள் திரும்பாது. திரும்பாவிட்டால் ரிம் கோட்டம் எடுக்க முடியாது. கோட்டம் எடுக்க முடியாத சக்கரத்தைத் தூக்கித்தான் போட வேண்டும்.

டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் இருக்கும் வண்டியைத்தான் எல்லாக் கடையிலும் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பத்தாயிரம் ரூபாய்க்குள் இரண்டும் சேர்ந்து வருகிற வண்டி என்றால் வேண்டாம். அந்த விலையில் வரும் ஷாக்கின் உள்ளே வெறும் இரும்பு ஸ்பிரிங்தான் இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் அது ஷாக்காக இருக்காது, வெறும் கனமாக இருக்கும். குழியை ஷாக்கைவிட அகலமான டயர் நன்றாகத் தாங்கும்.

டிஸ்க் பிரேக்கை அப்படி ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ரிம் கோட்டமானாலும் பிரேக் பிடிக்கும், மழையிலும் பிடிக்கும். காலையில் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் துருவேறி நின்றால் பயப்பட வேண்டாம், முதல் பிரேக்கில் போய்விடும். ஆனால் நம் ஏரியாவுக்கு அதில் ஒரு குறை: எண்ணெய். மணலி, எண்ணூர் சாலையில் லாரி ஒழுக்கும் எண்ணெய் மழைத் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க்கின் பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் அலறும், பிடிக்காது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக்கின் ரப்பர் கட்டையை சோப்புத் தண்ணீரில் தேய்த்து, மேல் தோலை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் மறுபடி புதுசு. நான் அலுமினிய ரிம், வி-பிரேக் கட்சி. ரிம்மின் பக்கவாட்டைக் கடல் மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும் என்பது உண்மை. விரலால் தடவி, பள்ளம் தெரிந்தால் ரிம்மை மாற்றுங்கள்.

எந்த பிரேக்கானாலும் உள்கம்பியை ஸ்டெயின்லெஸ் கேபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் கட்டை தேய்ந்து பிரேக் போவதைவிட கேபிள் துருவேறி இறுகிப் போவதுதான் அதிகம்.

கியர் வேண்டுமா?

வடசென்னை சப்பென்ற தரை. ஏற்றம் என்று சொன்னால் பேசின் பிரிட்ஜ், மிண்ட் மாதிரி மேம்பாலங்கள்தான். நம்மூர் மலை காற்று. ஜூன், ஜூலையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வந்து, வடக்கே வீடு திரும்பும் என் முதுகைத் தள்ளும். நவம்பரில் அதே சாலையில் வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும். வண்டி நகர்கிறதா, ரோடு நகர்கிறதா என்று சந்தேகம் வரும்.

அதற்காக 21 கியர் தேவையில்லை. பல்சக்கரம் கூடக்கூட உப்பும் மணலும் உட்கார இடம் கூடுகிறது. ஒற்றை கியர் வண்டியின் அகலமான செயின், கியர் வண்டியின் மெலிந்த செயினைவிட உழைக்கும். பழைய 28 அங்குல சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருப்பது வழக்கம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஐந்தரை மீட்டர் ஓடும். எதிர்காற்றுக்கு அது கொஞ்சம் கனம். ஃப்ரீவீல் என்கிற பின் பல்சக்கரத்தை 20 பல்லாக மாற்றினால் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் கீழே வரும், மூட்டுக்கு நிம்மதி. முழங்கால் வலி இருப்பவர்கள் பின்பக்கம் மட்டும் ஏழு கியர் இருக்கும் வண்டியாகப் பார்க்கலாம். முன்னால் மூன்று தட்டு வேண்டவே வேண்டாம்.

டயர்?

மெல்லிசு வேண்டாம். 26 அங்குலச் சக்கரத்தில் 1.75 முதல் 2 அங்குல அகலம் வரை, 700 சி என்ற அளவுச் சக்கரம் என்றால் 38, 40 மில்லிமீட்டர் அகலம். கொருக்குப்பேட்டை கேட் மாதிரி தண்டவாளம் தாண்டும் இடங்களில் மெல்லிய டயர் இடுக்கில் சிக்கினால் ஆள் கீழே. எந்த டயரானாலும் தண்டவாளத்தை நேர்குறுக்காகத் தாண்டுங்கள். மழையில் அது சோப்பு. பெரிய பெரிய கட்டைப் பல் டயர் மண் ரோட்டுக்கு, நமக்கு இல்லை. டியூப் வாங்கும்போது மோட்டார் பைக் வால்வு உள்ளதாக வாங்கினால் பெட்ரோல் பங்க்கில் காற்று அடித்துக்கொள்ளலாம். பங்க் கம்ப்ரெசரில் ஒரேயடியாக அழுத்தினால் டியூப் வெடிக்கும், விட்டு விட்டு அடியுங்கள்.

மட்கார்டும் செயின் கவரும் போட்டால் கிழவர் வண்டி மாதிரி இருக்குமே?

இருக்கட்டும். தேங்கிய தண்ணீர் என்று நாம் சொல்வதில் பாதி சாக்கடை. மட்கார்டு இல்லாவிட்டால் அது உங்கள் முதுகில் கோடு போடும், பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும். முழு மட்கார்டு, கீழே ரப்பர் நாக்கு வைத்தது. செயினை முழுக்க மூடும் கவர் இருந்தால் செயினின் ஆயுள் கூடும், பேன்ட் கறையாகாது. பிளாஸ்டிக் மட்கார்டு கடலோரத்துக்குத் தகரத்தைவிட நல்லது, கொஞ்சம் கடகடக்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா என்றும் கேட்கிறார்கள். விடாதீர்கள், நாளடைவில் பிசினாகி மணலைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் முதல் மழைக்கே கழுவிப் போகும். செயின் எண்ணெய் கிடைக்காவிட்டால் கியர் ஆயில். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை உள்ளேதான்.

மழைத் தண்ணீர் தேங்கினால் ஓட்டலாமா?

கணுக்கால் அளவு வரைக்கும், அதுவும் தினம் போகிற, குழி எங்கே என்று தெரிந்த ரோட்டில் மட்டும். பெடல் போடும் அச்சு தரையிலிருந்து 28, 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சக்கரத்தின் ஹப் ஏறக்குறைய 35. முழங்கால் தண்ணீர் என்றால் இரண்டும் மூழ்கிவிட்டது என்று அர்த்தம்.

சைக்கிளைவிட முக்கியம் நீங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, திருவொற்றியூர் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை பக்கம் மழை நாளில் தலைவைத்துப் படுக்காதீர்கள். சாலையில் தண்ணீர் ஒரு இடத்தில் சுழித்துக்கொண்டு இறங்கினால் அங்கே மூடி திறந்த சாக்கடை இருக்கிறது. இறங்கித் தள்ளும்போது சைக்கிளை உங்களுக்கு முன்னால் விடுங்கள், முன் சக்கரம்தான் உங்கள் கைத்தடி. ஒரு டிசம்பரில் என் முன் சக்கரம் அப்படி ஹேண்டில்பார் வரைக்கும் உள்ளே போயிற்று. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி மூழ்கிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

இரண்டு நாளைக்குள் ஓவராயிலிங் செய்தால் பிழைக்கும். முதலில் சீட் பைப்பைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஃப்ரேமுக்குள் புகுந்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வடியும், எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் ஒரு நாள். அப்புறம் இரண்டு ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து எல்லாவற்றையும் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது பால்ரஸ் போட்டுப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். கிரீஸ் பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மண்ணெண்ணெய் டயரில் படக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் கழிமுகம் வரை வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டிக்கு டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றையும் மாற்றிவிடுவது உத்தமம். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி மெதுமெதுவென்று ஆகிவிடும்.

ஆம்பளைக்கு லேடீஸ் சைக்கிளா?

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். என்னிடம் இப்போது இருப்பது பார் இல்லாத வண்டிதான். கேரியரில் மூட்டையோ பிள்ளையோ இருக்கும்போது காலைச் சுழற்றி இறங்க முடியாது. தண்ணீரில், நெரிசலில் சட்டென்று இறங்க வேண்டும் என்றால் பார் இல்லாததுதான் தோது. லுங்கியில் ஓட்டலாம், புடவையில் ஓட்டலாம், அறுபது வயதிலும் ஓட்டலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சைக்கிள் என்றால் இதைவிட வேறு எது?

கன்டெய்னர் லாரி பயமாக இருக்கிறதே?

பயம் இருக்க வேண்டும். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் லாரி வரிசைக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழையாதீர்கள். இடது பக்கம் சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள், மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர் இடப்பக்கம் ஒடித்தால் பின் சக்கரம் உங்கள் மேல்தான் வரும். பத்து நிமிடம் கூட ஆனாலும் நான் உள்தெரு வழியாகத்தான் போகிறேன். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். டைனமோ மழையில் டயரில் வழுக்கும், சார்ஜ் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார சைக்கிள்?

250 வாட்டுக்கு மிகாமல், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாததாக இருந்தால் பதிவு, லைசென்ஸ் தேவையில்லை. எதிர்காற்றுக்கு அருமை. ஆனால் மழைத்தண்ணீரும் உப்பும் பிளக்குகளைப் பச்சைப்பாசி மாதிரி அரிக்கும். தெரு தண்ணீரில் நிற்கும் வீட்டுக்கு ஒரே சைக்கிள் இதுவாக இருக்க வேண்டாம். மாடிக்குத் தூக்கிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

ஸ்கூலில் பிள்ளைக்குக் கொடுத்த இலவச சைக்கிள் சும்மா நிற்கிறது. அதையே ஓட்டலாமா?

தாராளமாக. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அந்த வண்டி எளிமையான ஒற்றை கியர் வண்டி, உதிரிபாகம் எந்தப் பெட்டிக்கடை மாதிரிக் கடையிலும் கிடைக்கும். புதுசு வாங்க வைத்திருந்த காசில் ஒரு பங்கை எடுத்து இரண்டு அலுமினிய ரிம், ஸ்டெயின்லெஸ் கம்பி, நல்ல டயர், புது கேபிள், பிரேக் கட்டை போட்டு ஒரு ஓவராயிலிங் செய்யுங்கள். சீட்டு உயரம் பத்தவில்லை என்றால் நீளமான பைப் தனியாகக் கிடைக்கும். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அது அவன் சைக்கிள்.

பனி கொட்டுகிற ஊரில் என்ன செய்கிறார்கள்?

டொரண்டோவில் இருக்கும் அக்கா மகன், "மாமா, இங்க குளிர்காலத்துலயும் ஓட்டப்போறேன், எந்த வண்டி வாங்கட்டும்?" என்று கேட்டான். பனியில் ஓட்டுவது ஒன்றும் அதிசயமில்லை, பின்லாந்தில் ஔலு என்ற ஊரில் குளிர்கால சைக்கிளோட்டத்துக்கென்றே 2013இல் மாநாடு நடத்தினார்கள். அவன் விசாரித்துச் சொன்னதைக் கேட்டால் எனக்குப் பழக்கப்பட்ட பட்டியல் மாதிரியே இருந்தது. அங்கே பனிக்கட்டி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அதனால் கால்சியம் குளோரைடும் சேர்ப்பார்கள். அது நம் சமையல் உப்பைவிடப் பேராசை பிடித்தது, வறண்ட காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். ஆக, அவனுக்கும் முழு மட்கார்டு, மூடிய செயின், குறைந்த கியர், ஸ்டெயின்லெஸ் கம்பிதான்.

நமக்கு இல்லாதவை சில உண்டு. உறைந்த ரோட்டுக்கு டயரில் சின்னச் சின்ன உலோக ஆணி பதித்தது வேண்டும். கடுங்குளிரில் ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் இறுகினால் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது, அதனால் இளகலான எண்ணெய். நனைந்த வண்டியைச் சூடான வீட்டுக்குள் வைத்துவிட்டுக் காலையில் வெளியே எடுத்தால் கேபிளுக்குள் தண்ணீர் உறைந்து பிரேக் நிற்கும். மின்சார சைக்கிளாக இருந்தால் பேட்டரியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது.

போன மாசி மாதம் அவன் தன் செயினைப் படம் எடுத்து அனுப்பினான். மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "எந்த வண்டி இது, காசிமேடா?" என்றார். சீட் பைப்புக்கு கிரீஸ் போட்டாயா என்று அவனைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.